கேள்வி கேட்பதற்குக் காசு: பள்ளித் தலைமை, உள்ளூர் ஆய்வு, அயல்நிதி

1

யுனெஸ்கோவின் உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை 2024 அக்டோபர் கடைசியில் வெளிவந்தது. அது எடுத்துக்கொண்ட பொருள் ‘கல்வியில் தலைமை’. பாடநூல், வகுப்பறை, ஆசிரியர் வருகை, கழிப்பறை என்று ஒவ்வொன்றாகப் பேசித் தீர்த்துவிட்ட சர்வதேசக் கல்விச் சொல்லாடல் இப்போது தலைமை ஆசிரியரின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இதோடு சேர்ந்து இன்னொரு குரலும் கேட்கிறது. ஆப்பிரிக்க நாடுகளின் பள்ளித் தலைமையைப் பற்றிய ஆய்வை அந்தந்த நாட்டவரே செய்யவேண்டும், அதற்கென்று தனியாக நிதி ஒதுக்கவேண்டும் என்கிறார்கள். இதுதான் ‘உள்ளூர் ஆய்வு’. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

கோட்டுச்சேரிமேட்டில் உட்கார்ந்துகொண்டு ஆப்பிரிக்கப் பள்ளிகளைப் பற்றி எழுத உனக்கு என்னய்யா யோக்கியதை என்று நண்பர்கள் கேட்கலாம். யோக்கியதை வரலாற்றிலிருந்து வருகிறது. இந்தக் காரைக்காலும் மேற்கு ஆப்பிரிக்காவின் தகோமேயும் (இன்றைய பெனின்) ஒரே பிரெஞ்சுப் பேரரசின் இரண்டு துண்டுகள். இங்கே 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கை மாறியது, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி கணக்கு முடிந்தது. தகோமே 1960இல் விடுதலை பெற்றது. பாரீசில் தயாரான பள்ளிக்கூட அமைப்பை இரண்டு கடற்கரைகளும் வாங்கிக்கொண்டன. ‘எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிய அறிவு எங்கே தயாராகிறது?’ என்பது இரண்டு கரைகளுக்கும் பொதுவான கேள்வி. பெனினில் இதைக் கேட்ட ஒரு தத்துவவாதி உண்டு. அவர் பெயர் பவுலின் ஹுந்தோன்ஜி.

2

2024 பிப்ரவரியில் மறைந்த ஹுந்தோன்ஜி 1990களின் தொடக்கத்தில் பெனினின் கல்வி அமைச்சராகவும் இருந்தவர். அவருடைய வாதத்தைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: காலனியப் பொருளாதாரத்தில் கச்சாப்பொருள் இங்கிருந்து போனது, ஆலை அங்கே இருந்தது, துணி திரும்பி வந்து நம்மிடமே விலைபோனது. அறிவின் பொருளாதாரமும் அப்படியே நடக்கிறது. தரவு காலனியிலிருந்து போகிறது, கோட்பாடு பெருநகரத்தில் நெய்யப்படுகிறது, நெய்த கோட்பாடு பாடமாகத் திரும்பி வருகிறது. இதை அவர் புறநோக்குத்தன்மை என்றார். ஆப்பிரிக்க ஆய்வாளரும் எழுதத்தான் செய்கிறார், ஆனால் அவர் மனசுக்குள் இருக்கும் வாசகர் வெளியில் இருப்பவர். அந்த வாசகருக்கு எது முக்கியம் என்று படுகிறதோ அதுதான் கேள்வியாகிறது.

இந்த இடத்தில் மகமூத் மம்தானியைச் சேர்த்துப் படிக்கவேண்டும். உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்தில் ஆய்வு நிறுவனம் ஒன்றின் பொறுப்பை 2010இல் ஏற்ற அவர், ஆலோசனைக் கூலி முறை பல்கலைக்கழகத்தை எப்படித் தின்கிறது என்று எழுதினார். ஆலோசகருக்குப் பிரச்சினை முன்கூட்டியே தரப்பட்டுவிடுகிறது, அவர் விடையைக் கொடுத்தால் போதும். ஆய்வு என்பதோ பிரச்சினையை வகுப்பதில் தொடங்குகிறது. நிதி கொடுப்பவர் பிரச்சினையை வகுத்துவிட்ட பிறகு உள்ளூர்க்காரர் செய்வது ஆய்வாகாது. அது கூலிவேலை. நல்ல கூலியாக இருக்கலாம், அது வேறு விஷயம்.

பள்ளித் தலைமை விஷயத்தில் இது எப்படி நடந்தது என்பதற்குக் கானா ஓர் உதாரணம். 2009இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் கேப் கோஸ்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து ‘கற்றலுக்கான தலைமை’ என்ற திட்டத்தைத் தொடங்கின. அதன் அடிப்படை அய்ந்து கோட்பாடுகள். அவை ஏழு நாடுகளில் நடந்த முந்தைய ஆய்வு ஒன்றிலிருந்து வந்தவை: ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, டென்மார்க், இங்கிலாந்து, கிரீஸ், நார்வே, அமெரிக்கா. ஆப்பிரிக்கா அதில் இல்லை. கேப் கோஸ்டின் ஆய்வாளர்கள் பொம்மைகள் என்று நான் சொல்லவரவில்லை. திறமையானவர்கள், தங்கள் நாட்டுப் பள்ளிகளை அறிந்தவர்கள். திட்டத்தைத் தங்கள் மண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவும் செய்தார்கள். ஆனால் மாற்றிக்கொள்வது வேறு, தொடங்கிவைப்பது வேறு. அளவெடுத்துத் தைத்த சட்டையும் அடுத்தவனுடையதைப் பிரித்துத் தைத்த சட்டையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம், தோளில் இழுக்கும்போதுதான் தெரியும்.

‘உள்ளூர்’ என்ற சொல்லை இங்கே பிரித்துப் பார்ப்போம். முகவரி உள்ளூராக இருக்கலாம், கை உள்ளூராக இருக்கலாம், கேள்வி உள்ளூராக இருக்கலாம். நிதி நிறுவனங்களின் படிவங்களில் முதல் இரண்டும் எளிதாக நிறைவேறிவிடுகின்றன. நைரோபியில் அலுவலகம், கானா நாட்டு முதன்மை ஆய்வாளர், உள்ளூர் மொழி தெரிந்த களப்பணியாளர்கள். மூன்றாவதைக் கேட்கும் கட்டம் படிவத்தில் கிடையாது.

3

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். டெல்லியில் இருக்கும் தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனத்துக்குள் 2012இல் தேசியப் பள்ளித் தலைமை மையம் தொடங்கப்பட்டது. 2014இல் அது ஒரு பாடத்திட்டச் சட்டகத்தை வெளியிட்டது. இதைத் தயாரிப்பதில் துணைநின்றது இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்துத் தேசியக் கல்லூரி. பணம் இந்திய–பிரிட்டன் கூட்டுத் திட்டம் ஒன்றிலிருந்து வந்தது. நாட்டிங்காம் கல்லூரி பிறந்தது 2000இல், பிளேர் காலத்தில். 2013இல் அது வேறொரு அமைப்போடு இணைக்கப்பட்டது, 2018இல் அந்த அமைப்பும் மூடப்பட்டது. தாய்க்கடை சாத்தப்பட்டுவிட்டது, கிளைக்கடையில் வியாபாரம் நடக்கிறது. இங்கிலாந்தில் அதை ஏன் மூடினார்கள், தலைமைப் பயிற்சி பற்றிய அவர்களுடைய அனுபவம் என்ன சொல்லிற்று என்பதை நாம் கேட்டிருக்கவேண்டாமா?

2015இல் பொருளாதார ஆய்விதழ் ஒன்றில் நிக்கோலஸ் புளூம், ரெனாட்டா லெமோஸ், ரஃபேல்லா சடுன், ஜான் வான் ரீனன் ஆகியோர் எட்டு நாடுகளின் 1800க்கும் மேற்பட்ட பள்ளிகளை ஒப்பிட்டு எழுதினார்கள். பள்ளி நிர்வாகம் நன்றாக இருந்தால் மாணவர் தேர்ச்சியும் நன்றாக இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. நாடுகளின் வரிசையில் இந்தியா கடைசி. இந்த மதிப்பெண் எப்படி வந்தது? அந்த அளவுகோல் முதலில் தொழிற்சாலைகளின் நிர்வாகத்தை அளக்கச் செய்யப்பட்டது. இலக்கு நிர்ணயித்தல், கண்காணித்தல், நன்றாக வேலை செய்பவருக்குச் சன்மானம், சரியாகச் செய்யாதவரை நீக்குதல் என்பவை அதன் அச்சுகள். இந்திய அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியருக்கு ஒரு துப்புரவுப் பணியாளரைக்கூட நியமிக்கவோ நீக்கவோ அதிகாரம் கிடையாது. கையில் இல்லாத அதிகாரத்தைப் பயன்படுத்தவில்லை என்று மதிப்பெண் குறைத்தால் அது யாருடைய மதிப்பெண்? அரசு அமைப்பின் மதிப்பெண் அது. ஆனால் அட்டவணையில் அது தலைமை ஆசிரியரின் திறமைக் குறைவாக விழுகிறது. அங்கிருந்து ‘இவர்களுக்குத் தலைமைப் பயிற்சி தேவை’ என்ற முடிவுக்கு ஒரே எட்டு.

அதற்காக, வெளியிலிருந்து வருகிற ஆய்வெல்லாம் பொய், உள்ளிருந்து வருவதெல்லாம் மெய் என்று எளிமைப்படுத்தவும் முடியாது. மத்தியப் பிரதேசத்தின் கதை இதற்கு எதிர்ச்சாட்சி. அங்கே பள்ளிகளைத் தரமதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னேற்றத் திட்டம் எழுதவைத்து, மேற்பார்வையும் செய்யும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உலகின் ‘சிறந்த நடைமுறை’ என்று சொல்லப்பட்ட பிரிட்டிஷ் பாணிப் பள்ளி மதிப்பீட்டின் சாயல் அதில் இருந்தது. கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் அதை நெருங்கி ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். ஒருவர் சான் டியேகோவில் இருப்பவர், இன்னொருவர் ஸ்டாக்ஹோமில். அவர்கள் கண்டது: மதிப்பீடு நடந்தது, திட்டம் எழுதப்பட்டது, கோப்பு நிறைந்தது. கற்பித்தலிலோ ஆசிரியர் வருகையிலோ குழந்தைகள் கற்றதிலோ எந்த மாற்றமும் இல்லை. ஆனாலும் திட்டம் வெற்றி என்று கருதப்பட்டு, அதன் வடிவம் நாடெங்கும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. உள்ளூர் அதிகாரம் வெற்றி என்றது, வெளியூர் ஆய்வு தோல்வி என்றது. சரியாகச் சொன்னது வெளியூர்தான்.

ஆகவே மண்ணின் மைந்தர் வாதத்தை இங்கே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ஆனால் இந்த நல்ல ஆய்விலும் ஒரு இடைவெளி இருக்கிறது. காகிதம் நிரப்பும் வேலை எப்போது தலைமை ஆசிரியரின் முழுநேரத் தொழிலாக ஆனது, அதனால் அவர் எதை இழந்தார் என்பதை அவர் வாயால் அவருடைய பாஷையில் கேட்டு, அவருக்கே திருப்பிச் சொல்லும் ஆய்வு இன்னும் தனியாகத்தான் செய்யப்பட வேண்டியிருக்கிறது. முடிவு எங்களுக்குத் தெரிந்ததுதான் என்று எந்தத் தலைமை ஆசிரியரும் சொல்லிவிடுவார். அவரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் அந்தக் கோப்புகளாவது மிச்சம்.

4

எங்கள் கடற்கரைக்குக் கேள்வித்தாள் புதிதில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் அலையைவிட அதிகம் வந்தது படிவம்தான். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமாக உலக வங்கியின் அவசரகால சுனாமி மறுகட்டுமானத் திட்டம் 2005இல் தொடங்கியது. அரசு, வங்கி, தொண்டு நிறுவனம், பல்கலைக்கழகம் என்று எல்லோருக்கும் ஒரு சர்வே. எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை கட்டுமரம், எத்தனை வலை, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா. மீன் விற்கும் ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: “எழுதிக்கிட்டுப் போனவங்கள்ல ஒருத்தராவது திரும்பி வந்து, இந்தாம்மா, நீ சொன்னத இப்பிடி எழுதியிருக்கேன், சரியான்னு கேட்டுருக்காங்களா தம்பி? பேரு என்னன்னு கேக்கறாங்க, பேரு சொன்னா அதையும் தப்பா எழுதறாங்க.” ஹுந்தோன்ஜி புத்தகமாக எழுதியதை அவர் கூடையை இறக்கிவைக்காமலே சொல்லிவிட்டார்.

‘உள்ளூர்’ என்றால் இங்கே யார்? காரைக்காலில் ஒரு நகராட்சியும் அய்ந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் உண்டு. கோட்டுச்சேரி அதில் ஒன்று. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது, பிறகு முப்பத்தெட்டு ஆண்டு கழித்து 2006இல். அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது, அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாக அதிகாரிகளின் ஆட்சிதான். ஆக, தேர்ந்தெடுத்த உள்ளூர் என்று ஒன்று காகிதத்தில்தான் இருக்கிறது. மீனவக் குப்பங்களில் நிஜமாக இருப்பது ஊர்ப் பஞ்சாயத்து. சோழமண்டலக் கரையின் இந்தப் பஞ்சாயத்துகள் கடலில் எந்த வலை போடலாம், போடக்கூடாது என்பதிலிருந்து குடும்பச் சண்டை வரை தீர்ப்புச் சொல்பவை. மார்ட்டின் பாவிங்க் என்ற டச்சு ஆய்வாளர் 2001இல் இவற்றைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பஞ்சாயத்தார் எல்லோரும் ஆண்கள், கரையின் பெரும்பான்மைச் சாதியினர். சுனாமி நிவாரணத்தின்போது பெண்களும் தலித்துகளும் எப்படி வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டார்கள் என்பது பல அறிக்கைகளில் பதிவானது.

இப்படிப்பட்ட குப்பத்துப் பள்ளியில் தலைமை என்பது எங்கே இருக்கிறது? பள்ளி மேலாண்மைக் குழு சட்டப்படி இருக்கும். ஊர்ப் பஞ்சாயத்து ஒப்புக்கொள்ளாத எதுவும் பள்ளி வாசலைத் தாண்டாது. பெரிய வாத்தியார் வெளியூர்க்காரர். சில வேளை புதுச்சேரியிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தள்ளி மாற்றலாகி வந்தவர், திரும்பிப் போகும் உத்தரவுக்காகக் காத்திருப்பவர். ஊர் சொல்வதைக் கேட்டால் இயக்ககம் கோபிக்கும், இயக்ககம் சொல்வதைக் கேட்டால் ஊர் முறைக்கும். இந்த நடுவாந்திரத்தில் நின்று பள்ளியை நடத்துவதைத்தான் நான் தலைமை என்பேன். ‘தொலைநோக்கு’, ‘குழுக் கட்டமைப்பு’, ‘தரவு அடிப்படையிலான முடிவு’ என்ற பயிற்சிக் கையேட்டுச் சொற்களுக்குள் இது அகப்படாது.

சொல்லையே பாருங்கள். ‘தலைமை ஆசிரியர்’ என்பதில் பெயர்ச்சொல் ஆசிரியர்தான், தலைமை அதற்கு முன்னொட்டு. ‘பெரிய வாத்தியார்’, ‘பெரிய டீச்சர்’ என்ற எங்கள் பேச்சு வழக்கிலோ அதிகாரத்தைவிட வயசும் மரியாதையும் தூக்கலாகத் தெரியும். இப்போது வந்திருக்கும் ‘தலைமைத்துவம்’ என்ற சொல்லில் ஆசிரியர் காணாமல் போய்விட்டார். தலைமை தனியாகக் கழன்று, எந்தக் கம்பெனிக்கும் பொருத்தக்கூடிய உதிரிபாகமாகிவிட்டது. பெயர் மாறும்போது நிதி எங்கே போகிறது என்பதும் மாறுகிறது. ஆசிரியருக்குப் பணம் கேட்டால் அது சம்பளச் செலவு. தலைமைத்துவத்துக்குக் கேட்டால் அது முதலீடு.

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 150 குழந்தைகளுக்கு மேல் இருந்தால்தான் தலைமை ஆசிரியர் என்று தனியாக ஒருவர். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 பேருக்கு மேல் இருக்கவேண்டும். சின்னக் குப்பங்களின், சேரிகளின் பள்ளிகள் இந்த எண்ணிக்கையைத் தொடுவது அபூர்வம். அங்கே இருக்கும் இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் வகுப்பும் எடுத்து, ‘பொறுப்பு’ம் பார்க்கிறார். நாட்டின் பள்ளிகளில் பெரும் பகுதி இப்படிச் சின்னப் பள்ளிகள்தான். தலைமை ஆசிரியரே சட்டப்படி வேண்டியதில்லாத பள்ளிகளுக்குத் தலைமைத்துவப் பயிற்சி! 2019இல் தொடங்கிய நிஷ்டா திட்டம் ஆசிரியர், தலைமை ஆசிரியர் என்று 42 லட்சம் பேரை இலக்காக வைத்தது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணிநேரப் பயிற்சி என்கிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் அந்த 50 மணிநேரம் அய்ந்து வகுப்புகளையும் யார் பார்ப்பது? அப்படிப் ‘பொறுப்பு’ பார்க்கும் ஓர் ஆசிரியை சொன்னார்: “நல்ல பயிற்சிதான் சார். குறை சொல்லலை. ஆனா நான் அங்க தலைமைப் பண்பு கத்துக்கிட்டு இருக்கறப்ப இங்க பிள்ளைங்க தானாவே தலைமை தாங்கிக்குதுங்க.”

இந்த நிலையில்தான் 2023–24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு மேல்வகுப்புகளிலும் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் உருதுவிலும் வெளிவருபவை. தமிழில் யோசித்துக்கொண்டிருந்த ஒரு மீனவக் குழந்தைக்கு அடுத்த வகுப்பின் அறிவியல் ஆங்கிலத்தில் ஆரம்பமாகிறது. ஒரு பள்ளித் தலைமைக்கு இதைவிடப் பெரிய சோதனை வேறென்ன இருக்கிறது? இப்படி மாறிய பள்ளிகளில் தலைமை ஆசிரியர்கள் என்ன செய்தார்கள், யாரைத் தக்கவைத்தார்கள், எந்தப் பிள்ளை நின்றுபோனது என்பதைக் கேட்பதுதான் உள்ளூர் ஆய்வு. இந்தக் கேள்விக்கு நிதி தர யார் முன்வருவார்கள்?

5

கேட்கப்படாத கேள்விகளில் தலையாயது சாதி. தலைமை ஆசிரியர் எந்தச் சாதி, ஊரில் எந்தச் சாதி ஆதிக்கம், இரண்டும் ஒன்றா வேறா, ஒன்றானால் என்ன நடக்கிறது? உலக அளவுகோல் எதிலும் இந்த அச்சு கிடையாது. இருக்கவும் முடியாது. எட்டு நாடுகளுக்குப் பொதுவான அளவுகோல் வேண்டும் என்றவுடனேயே ஒவ்வொரு நாட்டின் ஆகக் கொடிய விஷயம் விலக்கப்பட்டுவிடுகிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, தமிழ்நாடு அரசு நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. ஒரு வட்டாரத்தின் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே கல்வி அதிகாரியாகவும் மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராகவும் போடக்கூடாது, ஆசிரியர்களைக் காலமுறைப்படி மாற்றவேண்டும், பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் நீக்கப்படவேண்டும் என்பன அதன் பரிந்துரைகளில் சில. இவற்றோடு உடன்படலாம், முரண்படலாம். சாதியைச் சுற்றிச் சுழலும் இடமாற்றம் புதிய ஊழலுக்கு வழி என்பவர்கள் உண்டு. ஆனால் கவனியுங்கள்: சமீப காலத்தில் தமிழில் பள்ளித் தலைமை பற்றி எழுந்த ஆகக் கூர்மையான கேள்வி ஒரு தலைமைத்துவ மையத்திலிருந்து வரவில்லை. ஒரு பையனின் ரத்தத்திலிருந்து வந்தது. பொதுப்பணத்தில் ஆராயப்பட்டது, பொதுவில் வைக்கப்பட்டது, பொதுவில் திட்டும் வாங்கியது. உள்ளூர் ஆய்வுக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊருக்கு வடக்கே நண்டலாறு. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. சந்துரு அறிக்கை ஆற்றின் அக்கரையோடு நின்றுவிடுகிறது. சாதி அப்படி நிற்பதில்லை.

6

பணத்துக்கு வருவோம். அயல்நிதி என்றாலே முகம் சுளிப்பது நம் இடதுசாரி மரபில் பழைய பழக்கம். 1984இல் பிரகாஷ் காரத் தன்னார்வக் குழுக்களை ஏகாதிபத்தியத்தின் உத்தியாகப் பார்த்து எழுதியதும், தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைகளில் என்.ஜி.ஓ. சர்ச்சை அனல் பறந்ததும் தோழர்களுக்கு நினைவிருக்கும். கேரளத்தில் இதன் உச்சம். 1990களின் பிற்பகுதியில் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் நெதர்லாந்து அரசின் பணத்தில் உள்ளூர் வளர்ச்சி குறித்த ஆய்வுத் திட்டம் ஒன்று நடந்தது. பெரிய பேராசிரியர்களைத் தாண்டிக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் களச் செயல்பாட்டாளர்களுக்கும் சின்னச் சின்னத் தொகையாக நிதி போனது. சில ஆண்டுகளில் ‘பாடம்’ இதழின் வழியாக எம்.என். விஜயனும் அவரைச் சேர்ந்தவர்களும் அயல்நிதி ஆய்வுகளையும் சாஸ்திர சாகித்ய பரிஷத்தையும் மக்கள் திட்டத்தையும் சேர்த்துக் கடுமையாகத் தாக்கினார்கள். வழக்கு, வசை, பிளவு எல்லாம் நடந்தது. 2007 அக்டோபரில் பத்திரிகையாளர் சந்திப்பொன்றில் பேசிக்கொண்டிருந்தபோதே விஜயன் சரிந்து இறந்தார்.

அந்தச் சர்ச்சையில் ஒரு தரப்பு ‘யார் பணம்?’ என்றது, இன்னொரு தரப்பு ‘என்ன வேலை நடந்தது பாருங்கள்’ என்றது. இரண்டுக்கும் நடுவில் விழுந்துபோனது ‘யார் கேள்வி?’ என்பது. நெதர்லாந்துப் பணத்தில் ஒரு கிராமத்து ஆசிரியர் தன் கேள்வியைக் கேட்டிருந்தால் அதை நான் ஏற்பேன். நம் அரசின் பணத்தில் டெல்லியின் கேள்வியைக் கோட்டுச்சேரியில் கேட்டால் அது சுதேசி ஆகிவிடாது.

இன்றைக்குச் சூழல் வேறு. அயல் பங்களிப்புச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம், வெளிநாட்டு நிதி பெறும் ஓர் அமைப்பு அதை வேறு அமைப்புக்குப் பிரித்துத் தருவதைத் தடைசெய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆனது. கணக்கு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில் தொடங்கப்படவேண்டும். விளைவு என்ன? பெரிய அமைப்பு பிழைத்துக்கொள்கிறது. அதனிடமிருந்து ஒன்றிரண்டு லட்சம் வாங்கிச் சின்ன ஆய்வு செய்துகொண்டிருந்த வட்டாரக் குழு செத்துப்போகிறது. ஏகாதிபத்திய எதிர்ப்பு என்று இதைக் கைதட்டி வரவேற்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கம்பெனிச் சட்ட விதிப்படி பெருநிறுவனங்கள் லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடவேண்டும். அந்தப் பணம் பள்ளிகளுக்குள் தலைமைத்துவத் திட்டங்களாக நுழைகிறது. வெளிநாட்டு முதலாளிக்குக் கதவைச் சாத்தினோம், உள்நாட்டு முதலாளிக்கு ஜன்னலைக் கழற்றிக் கொடுத்தோம்.

அயல்நிதியை நம்பியிருப்பதன் ஆபத்தை ஆப்பிரிக்கா 2025இல் பார்த்தது. அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அரசு உதவிகளை நிறுத்திவைத்தது, ஜூலை 1இல் யு.எஸ்.எய்டு அமைப்பே இல்லாமல் போனது. ஆரம்ப வகுப்பு வாசிப்பு பற்றிப் பல ஆப்பிரிக்க நாடுகளில் நடந்துகொண்டிருந்த அளவீடுகளும் அத்தோடு அறுந்தன. வாஷிங்டனில் ஒரு கையெழுத்து, கேள்வி செத்துவிட்டது. கேள்வி அந்த நாட்டவருடையதாக இருந்திருந்தால் பணம் போன பிறகும் கேள்வி மிஞ்சியிருக்கும்.

பொதுப்பணம் மட்டும் என்ன செய்தது? 1964–66இன் கோத்தாரி குழு, அரசு கல்விக்குச் செலவிடுவதில் சுமார் ஒரு விழுக்காடு கல்வி ஆய்வுக்குப் போகும் நிலையை எட்டவேண்டும் என்றது. ஆறு விழுக்காட்டுப் பரிந்துரையை மேடைதோறும் பேசுகிறோம், இந்த ஒன்றை யாரும் பேசுவதில்லை. 2023இல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆய்வு நிதியத்துக்கு அய்ந்து ஆண்டில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்ற நம்பிக்கை. கோட்டுச்சேரிமேட்டுப் பெரிய டீச்சர் எந்தக் கம்பெனிக்காரரின் வாசலில் போய்த் தன் கேள்விக்குப் பணம் கேட்பார்?

நமக்கு முன்மாதிரியே இல்லை என்பதுமில்லை. யுனெஸ்கோவில் உயர்பதவி வகித்துத் திரும்பிய மால்கம் ஆதிசேசய்யா 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அரசின் ஆதரவு வந்தது பிறகுதான், 1977இல். அதற்கும் முன்னால், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது 1958இலிருந்து நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். பள்ளிக்கு என்ன தேவை என்பது ஊரிலேயே பட்டியலிடப்பட்டது. பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் ஊரார் தந்தார்கள். கொடுத்தவர்கள் பணம் உள்ளவர்கள், ஆகவே மேல்சாதியினர், ஆகவே அந்தப் பட்டியல்களும் அவர்கள் கண்ணால் பார்த்தவையாகவே இருந்திருக்கும் என்ற விமர்சனத்தை வைத்துக்கொண்டே சொல்கிறேன்: தேவையை எழுதும் பேனா ஊருக்குள் இருந்தது.

7

இனி, செய்யவேண்டியது பற்றிச் சில. ஆப்பிரிக்காவானாலும் காரைக்காலானாலும் உள்ளூர் ஆய்வுக்கு நிதி தருகிறோம் என்று வருபவரிடம் நாம் கேட்க வேண்டியவை இவை.

கேள்வி எழுதப்படும் கூட்டத்தில் ‘பொறுப்பு’ பார்க்கும் ஆசிரியை இருக்கிறாரா? பிள்ளையைப் பாதியில் நிறுத்திய தாய் இருக்கிறாரா? ஊர்ப் பஞ்சாயத்தார் மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டால் ‘சமூகத்தின் பங்கேற்பு’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவீர்களா? ஆய்வில் ஈடுபடும் ஆசிரியைக்குப் பதிலாக வகுப்பெடுக்க ஆள் போடப் பணம் உண்டா? இது இல்லாவிட்டால் ஆய்வின் செலவைக் குழந்தைகள்தான் கட்டுகிறார்கள். அறிக்கை முதலில் தமிழில் எழுதப்பட்டு, அந்தப் பள்ளித் திடலில் வாசிக்கப்பட்டு, “இது தப்பு” என்று ஒரு மீன்கூடைக்கார அம்மா சொன்னால் திருத்தப்படுமா? திட்டம் தோற்றது என்று முடிவு வந்தால் அதை வெளியிடும் உரிமை ஆய்வாளருக்கு எழுத்தில் உண்டா? சாதியைக் கேட்கலாமா?

இவற்றுக்கு ஆம் என்பவரின் பணம் எந்த நாட்டு நாணயத்தில் வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. இதில் உடன்படாத தோழர்கள் எழுதட்டும். ஆனால் நம்முடைய முதல் கோரிக்கை வேறிடத்தில் வைக்கப்படவேண்டும். கோத்தாரியின் அந்த ஒரு விழுக்காட்டைப் புதுச்சேரியின் கல்விச் செலவில் கேட்போம். அதில் ஒரு பகுதியைக் கொம்யூன் அளவில் பிரித்துத் தரச் சொல்வோம். அப்படிப் பிரித்துத் தர முதலில் தேர்ந்தெடுத்த கொம்யூன் வேண்டும், அதற்கு உள்ளாட்சித் தேர்தல் வேண்டும். பள்ளித் தலைமை பற்றிய ஆய்வு வாக்குப்பெட்டியில் போய் முட்டுகிறதே என்று யாராவது கேட்டால், ஆமாம், அங்கேதான் முட்டுகிறது.

ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்பிடித் தடைக்காலம். படகில் வேலை செய்யும் ஆண்கள் ஊரில் இருப்பார்கள், பள்ளிக்கும் விடுமுறை. அந்த வாரங்களில் பள்ளி பற்றிய கூட்டம் போட்டால் அப்பன்மாரும் ஆத்தாள்மாரும் ஒருசேர வருவார்கள். எந்தச் சர்வதேச ஆய்வுத் திட்டத்தின் கால அட்டவணையிலும் இந்தச் சின்ன விவரம் இருக்காது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.